பிரேக்கக்காவும் முழங்கை வளைவும்

காலையில் எழுந்து, வேனை எடுத்துக்கொண்டு போய், ஆளில்லாத மலைச்சாலையில் எதிரே ஒரு பூனைகூட இல்லாதபோது சடாரென்று பிரேக் போடுவதற்கு ஒருத்திக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? பிரேக்கக்காவைப் பெற்ற அம்மாவே நம்பவில்லை. "வேற என்னமோ வேலை பாக்கறா. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இப்படி ஒரு கதை விடறா" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தாள்.

ஆனால் வேலை அதுதான். மலையில் குளிர்காலம் வந்துவிட்டால் சாலையின் குணம் மாறிவிடும். பார்வைக்கு எங்கும் ஒரே கறுப்புத் தார். கிட்டே போனால் ஓரிடம் காய்ந்திருக்கும், ஓரிடம் நனைந்திருக்கும், வெயில் படாத இன்னோரிடத்தில் அந்த ஈரமே இறுகிக் கண்ணாடித் தகடுபோலப் படிந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத்தான் தெரியும். டயருக்குத் தெரிந்த பிறகு ஓட்டுகிறவருக்குத் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் சாலைப் பராமரிப்பு அலுவலகம் ஒரு வேன் வைத்திருந்தது. ஆபத்தான இடங்களில் அந்த வேனின் பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதிக்க வேண்டும். வண்டி எப்படி நிற்கிறது என்பதை வைத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி சாலையின் பிடிப்பை ஓர் எண்ணாகக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் சாலை டயரைப் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். சின்னதாக இருந்தால் சாலை கையை விரித்துவிட்டது. அவள் அலுவலகத்துக்குச் சொல்வாள், மணல் லாரி கிளம்பிவிடும்.

இந்த வேலைக்கென்றே பிறந்த கால் அவளுடையது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன பள்ளியில் இருந்த மாஸ்டர், பூமியிலேயே நிதானமான மனிதர். தும்மல் வந்தால்கூட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் தும்முவார்.

"மெதுவா, மெதுவா" என்பார் அவர். "பிரேக்குல கால் வைக்கறப்ப, தூங்கற குழந்தையத் தொடற மாதிரி தொடணும்."

அவள் தொட்டாள். மாஸ்டரின் நெற்றி கண்ணாடியில் போய் மோதியது.

"நான் சொன்னது குழந்தை. நீ மிதிக்கறது கரப்பான்பூச்சி" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டே.

தினமும் ஒரு மோதல். நெற்றியில் ஒரு புடைப்பு வற்றுவதற்குள் இன்னொன்று முளைத்தது. "வேற யாராவது மாஸ்டரப் பாத்துக்கோம்மா" என்று சாயங்காலம் சொல்லுவார். மறுநாள் காலையில் அவரே முதல் ஆளாக வந்து காரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஊரில் வேறு யாரும் வேறு எதனாலும் அவர் தலையை அந்த அளவுக்குக் கலக்கியதில்லை. அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்த கையோடு இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

சாலை அலுவலக வேலைக்கு நடந்த நேர்முகத் தேர்வு இன்னும் பெயர்போனது. வந்திருந்தவர்கள் எல்லோரும் மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்ற மரியாதையில் பதமாகப் பிரேக் போட்டார்கள். அவள் போட்ட பிரேக்கில் மேலதிகாரியின் பல்செட்டு கழன்று, முன்கண்ணாடியில் பட்டு, டாஷ்போர்டில் விழுந்து சிரித்தது. மேலதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு, "நாவைக்கே வேயைக்கு வங்குடு" என்றார். அவள் அதைப் பாராட்டு என்று புரிந்துகொண்டு மறுநாளே போய் நின்றாள். பாராட்டுத்தான்.

அன்று தொட்டு அவள் பிரேக்கக்கா. வேனுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் வைத்த பெயர் அது. அவர்கள் அதோடு சேர்த்துச் சொன்ன மற்ற வார்த்தைகளை விட்டுவிடலாம்.

மாஸ்டருக்கு ஒரு அம்மா. மலைமேல் ஏறும் சாலை முழங்கை மாதிரி மடங்கித் திரும்பும் இடத்தில், ஒரு தேநீர்க் கடையும் அதற்குப் பின்னால் ஓர் அறையுமாக இருந்தாள். கீழே ஊரில் மகன் வீட்டில் வந்து இரு என்றால், "அங்க வந்து யார்கிட்ட பேசறது? நீ வாயத் திறந்தா 'மெதுவா'ன்னு ஒரு வார்த்தை. உன் பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி வண்டியோட போயிடறா" என்பாள். பிரேக்கக்காவின் அந்த அத்தைக்குத் தேநீர் ஒரு சாக்கு, பேச்சுதான் சரக்கு. ஒரு கோப்பை குடித்து முடிப்பதற்குள் வந்தவருடைய மூட்டுவலி, மைத்துனரோடு சண்டை, மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பது வரைக்கும் கறந்துவிடுவாள். பதிலுக்குத் தன்னுடையதையும் ஊற்றிக் கொடுப்பாள்.

சிக்கல் என்னவென்றால் யாரும் நிற்பதில்லை. முழங்கை வளைவில் திரும்புகிற வண்டிகள் யாரோ துரத்துவதுபோலப் பறந்தன. கடை கண்ணில் படும்போது அவர்கள் கடையைத் தாண்டியிருப்பார்கள். அத்தை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிர்காலத்தில் அந்த ஈயும் வராது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தாள். சின்னப் பெண். கெட்டிக்காரி. பதற்றம் வந்தால் மட்டும் விக்கல் வந்துவிடும். வந்த மாதமே முழங்கை வளைவில் தாரைத் தோண்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சென்சாரைச் சாலையோடு சாலையாகப் பதித்தாள். தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று அது தானாகவே கண்டுபிடிக்கும். உறைந்துவிட்டால், வளைவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த பெரிய பலகைகளில் 'சாலையில் பனிக்கட்டி, மெதுவாகச் செல்லவும்' என்று ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் ஒளிரும்.

"வேன் காலையில ஒரு தடவை போயிட்டு வந்துடும் அக்கா. இது கண்ணே மூடாது. நாள் பூராவும் பாத்துக்கிட்டே இருக்கும்" என்று விளக்கினாள் பொறியாளர்.

பிரேக்கக்கா குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாள். புது மருமகளைப் பார்க்கும் மூத்த மருமகளின் பார்வை அது.

"இதுக்குக் கால் இருக்கா?"

"இல்லையே அக்கா."

"அப்புறம் எப்படி பிரேக் போடும்?"

பொறியாளருக்கு விக்கல் வந்துவிட்டது.

தட்டு சில நாள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. பிறகு ஒரு நாள், வெயில் பளிச்சென்று அடிக்கும் நண்பகலில், பலகைகள் இரண்டும் 'சாலையில் பனிக்கட்டி' என்று ஒளிர்ந்தன. வண்டிகள் மரியாதையாக வேகத்தைக் குறைத்தன. ஓட்டுநர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சாலை அப்பளம் காயப்போடலாம் போல இருந்தது. சிறிது நேரத்தில் விளக்கு தானாக அணைந்துவிட்டது. மறுநாளும் அதே நண்பகலில் அதே கூத்து. அதற்கு மறுநாளும்.

பொறியாளர் கம்பிகளை மாற்றினாள். பெட்டியைத் திறந்து மூடினாள். கடைசியில் தட்டையே பெயர்த்து எடுத்துவிட்டுப் புதுத் தட்டு வைத்தாள். புதுத் தட்டு பழைய தட்டிடம் பாடம் படித்ததுபோல அதே பொய்யைச் சொன்னது. ஊருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பேருந்து ஓட்டுநர் கம்பளிக் குல்லாயும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வெயிலில் வியர்க்க வியர்க்க, பல் கிட்டுவதுபோல நடித்துக்கொண்டே வளைவைக் கடந்தார். பயணிகள் கைதட்டினார்கள். முதல் வாரம் வேகத்தைக் குறைத்தவர்கள் இரண்டாம் வாரம் பலகையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் பறந்தார்கள்.

பிரேக்கக்காவுக்கு உள்ளூர ஒரு குளுகுளுப்பு. இல்லை என்றால் அது பொய். வீட்டில் காய் நறுக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்தாள். "ரொம்ப சந்தோஷமா இருக்கியே?" என்றார் மாஸ்டர். "சந்தோஷமெல்லாம் ஒண்ணுமில்ல. மெஷினுன்னா அப்படித்தான், என்ன பண்றது" என்றாள், முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்று தோற்றபடி.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு நாள் மதியம் மணல் கிடங்குக்குப் போனபோது, மூட்டைகளுக்கு நடுவில் பொறியாளர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒரு வாய் சாப்பாடு, ஒரு விக்கல். கண் சிவந்திருந்தது.

"இங்க என்னம்மா பண்ற?"

"எல்லாரும்... க்... குல்லாய் போட்டுக்கிட்டு வர்றாங்க அக்கா. அலுவலகத்துலயும். க்... மேலதிகாரி ஸ்வெட்டரே போட்டுக்கிட்டு வந்துட்டாரு."

பிரேக்கக்காவுக்குச் சுரீரென்றது. போட்டி போடலாம், பொறாமைப்படலாம், அதற்காக ஒரு பெண்ணைச் சோற்றைப் பார்த்து அழவிடலாமா? தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நேராக வேனில் ஏறினாள். மதியத்தில் அவள் ஒருபோதும் பிரேக் போட்டதில்லை. இன்று போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

முழங்கை வளைவுக்கு வந்தபோது பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பிரேக்கக்கா நேராகத் தட்டுமேல் சக்கரம் ஏறும்படி ஓட்டி, வழக்கம்போல ஓங்கி மிதித்தாள்.

வேன் நிற்கவில்லை. முதலில் இடுப்பை வளைத்தது. பிறகு முழுதாக ஒரு பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற பாவனையில் மெல்ல நகர்ந்து போய், அத்தையின் கடை பெஞ்சில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பெட்டியைப் பார்த்தாள். எண் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. காய்ந்த சாலையில் அவள் வாழ்நாளில் பார்க்காத எண். கதவைத் திறந்து கீழே இறங்கி, ஓரடி வைத்து, மறு அடி வைப்பதற்குள் சாலையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

உள்ளங்கையில் ஜில்லென்று ஏதோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஐஸ் கட்டி. நசுங்கி உடைந்தவை சுற்றிலும் இறைந்து கிடந்தன. அதோடு ஒரு சோடா மூடியும், வட்டமாக நறுக்கிய ஓர் எலுமிச்சைத் துண்டும்.

பிரேக்கக்கா எலுமிச்சைத் துண்டையே பார்த்தாள். எந்த வானத்திலிருந்தும் எலுமிச்சைத் துண்டு விழாது. நிமிர்ந்தாள். கடை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பின்னால என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுலேர்ந்து தண்ணி சொட்டுதே?"

அத்தை கீழே பார்த்தாள். வாளியைக் காட்டிக் கொடுத்த தண்ணீரை முறைத்தாள். பிறகு தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், அவளுக்கே உரிய முறையில் எதிர்த்தாக்குதல் தொடங்கினாள்.

"ஏன், கேக்கறேன், நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? அன்னைக்கு சோடா வைக்கிற பெட்டிய கழுவலாம்னு ஐஸையெல்லாம் ரோட்டுல கொட்டினேன். டப்புனு போர்டு எரிஞ்சுது. எரிஞ்சதும் வர்றவன் பூரா மெதுவா வந்தான். மெதுவா வந்தா கடை தெரியுது. கடை தெரிஞ்சா நிக்கறான். நின்னா டீ குடிக்கறான், ரெண்டு வார்த்தை பேசறான். அன்னைக்கு ஒரு மனுஷன் கிட்டத்தட்ட அரை நாள் உக்காந்து அவன் ரெண்டாவது தங்கச்சி கதைய முழுசா சொன்னான் தெரியுமா? எவ்வளவு நாளாச்சு நான் ஒரு கதைய முழுசா கேட்டு!"

"அது உயிரைக் காப்பாத்தற போர்டு அத்தை!"

"பேச ஆளில்லாம இருந்தாலும் உயிர் போகும். நீ இந்த வளைவுல வந்து உக்காந்து பாரு, தெரியும்."

பிரேக்கக்கா இன்னும் சாலையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. கோபம் வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "முதல்ல என்னைத் தூக்கி விடுங்க" என்றாள். அத்தை கை கொடுக்க வந்தாள். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தோசைக்கரண்டி பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் அடுப்படியில் நின்றார்.

"ஒரு பக்கம் பெத்தவ, ஒரு பக்கம் நீ. இதுல நான் நியூட்ரல்" என்றார் கடைசியில்.

"மலை இறக்கத்துல நியூட்ரல்ல போகாதீங்கன்னு நீங்கதானே பாடம் நடத்துவீங்க?"

மாஸ்டர் கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

மாமியாரைக் காட்டிக் கொடுப்பது லேசான காரியமில்லை. ஆனால் மணல் மூட்டைகளுக்கு நடுவே விக்கிக்கொண்டிருந்த முகம் அவளைத் தூங்கவிடாது போலிருந்தது. மறுநாள் பொறியாளரைத் தனியே கூப்பிட்டு, "உன் தட்டு பொய் சொல்லலம்மா. ஒவ்வொரு தடவையும் நெஜத்ததான் சொல்லியிருக்கு. அங்க நெஜமாவே ஐஸ் இருந்துச்சு. வச்சது எங்க அத்தை" என்றாள்.

பொறியாளர் திகைத்து நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். விக்கல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "எலுமிச்சம்பழத்தோடயா அக்கா?" என்று கேட்டுக் கேட்டு மறுபடி சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் முகம் மாறியது.

"ஆனா அக்கா, இனிமே நெஜமா பனி உறைஞ்சா யாரு நம்புவாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தை வாளியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். பொறியாளரைக் கடையில் உட்காரவைத்து, அவளுக்கு எந்த மாதிரி மாப்பிள்ளை தோதாக இருப்பான் என்று இருட்டும்வரை பேசி, அதையே மன்னிப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பயந்தது நடக்க நெடுநாள் ஆகவில்லை. ஒரு நாள் முழுக்க மழை பெய்து, அந்தியில் வெறித்து, வானம் துடைத்துவிட்டதுபோல ஆனது. இரவெல்லாம் குளிர் இறங்கியது. விடிந்தபோது மரங்களில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. சாலைமட்டும் எப்போதும்போலக் கறுப்பாக, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது.

பிரேக்கக்கா அன்று மலையின் மறுபக்கமாக ஏறி, உச்சியில் முதல் இடத்தில் பிரேக் போட்டாள். பெட்டியில் எண் அதலபாதாளத்துக்குப் போயிற்று. "மணல் லாரிய அனுப்புங்க, உடனே!" என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு முழங்கை வளைவை நோக்கி இறங்கினாள்.

வளைவில் பலகை ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்குமுன் மேலிருந்து இறங்கிய ரொட்டி வேன், பலகைக்குச் சிரித்துக் கையசைத்துவிட்டு வளைவில் நுழைந்திருக்கிறது. நுழைந்த வேன் ராட்டினம்போல ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் பாதியும் சுற்றி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு சாலையை அடைத்தபடி நின்றது. பின்கதவு திறந்து, பன்கள் கீழ்நோக்கி உருண்டு ஓடின. ரொட்டி வேன்காரர் திருதிருவென்று விழித்து, கடை வாசலில் நின்ற அத்தையிடம், "அம்மா, நான் போயிக்கிட்டு இருக்கேனா, வந்துக்கிட்டு இருக்கேனா?" என்று கேட்டார்.

அத்தைக்கு அவர் கேள்வி காதில் விழவில்லை. கீழே, சாலை மடிந்து ஏறும் இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் ஏறி வருவதைப் பார்த்துவிட்டாள். முதலில் ஒரு சின்னக் கார், அதன் பின்னால் பேருந்து. பலகையைப் பார்த்து ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. வளைந்து வந்தால் நேரே ரொட்டி வேன்தான்.

அவளுக்குப் பகீரென்றது. கையில் அகப்பட்ட பெரிய அலுமினியத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, வெயில் பட்டால் மின்னும், தட்டினால் கேட்கும் என்று சாலைக்கு ஓடினாள். வெயில் இன்னும் வரவில்லை. தட்டுவதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. முதல் அடியிலேயே கால் வாரியது. தாம்பாளம் கீழே, அத்தை அதற்கு மேலே, கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தாள். தாம்பாளம் புறப்பட்டது.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க! வழுக்குது!" என்று கரண்டியை ஓங்கிக் கத்திக்கொண்டே இறங்கினாள். எல்லோரையும் நிற்கச் சொன்ன அத்தையால் மட்டும் நிற்க முடியவில்லை. பக்கத்தில் பன்கள் துணைக்கு உருண்டு வந்தன.

ஏறி வந்த சின்னக் கார் மாஸ்டருடையது. ஸ்டியரிங்கில் அவரிடம் புதிதாகச் சேர்ந்த தையற்காரர்.

"மாஸ்டர், எதிர்ல ஒரு அம்மா தட்டுல வர்றாங்க. இதுக்கு என்ன சிக்னல் போடணும்?"

மாஸ்டர் பார்த்தார். "அது எங்கம்மா" என்றார். பிறகு, நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாத குரலில், "மெதுவா... மெதுவா... தூங்கற குழந்தை... கியரக் குறைங்க... தொடுங்க... விடுங்க... தொடுங்க..." என்றார். ஆயுள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் அது. எப்படித் தொட வேண்டுமோ அப்படித் தொட்டது. கார் முனகாமல் நின்றது. பின்னால் பேருந்து ஓட்டுநர் இத்தனை வருட அனுபவத்தில் ஒரு கிழவி தாம்பாளத்தில் வந்து பார்த்ததில்லை. பலகையை நம்பாதவர் அதை நம்பினார். அவரும் மெல்ல மெல்ல நிறுத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவையும் நின்றன.

அத்தை காரைத் தொட்டும் தொடாமலும் கடந்து, மகனைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, சாலையோரத்தில் குளிர்காலத்துக்கென்று குவித்து வைத்திருந்த மணலில் இடுப்புவரை புதைந்து நின்றாள்.

மேலே பிரேக்கக்கா வளைவின் தலைக்கு வந்துவிட்டாள். குறுக்கே ரொட்டி வேன். அவள் வலது கால் தானாக எழுந்தது. வாழ்நாளில் அந்தக் கால் எழுந்து மிதிக்காமல் இறங்கியதில்லை. மிதித்தால் நேரே வேனில்தான் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவேண்டுமே! "வேண்டாம், வேண்டாம்" என்று காலிடம் கெஞ்சினாள். கியரைக் குறைத்தாள். சக்கரத்தை மெல்ல மலைப்பக்க ஓரத்துப் புல்லுக்குத் திருப்பினாள். புருஷன் குரலைப்போலவே தன் குரலைத் தாழ்த்தி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டாள். வண்டி புல்லில் உரசி, தயங்கி, ரொட்டி வேனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. கால் மட்டும் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

கம்பித் தடுப்பைப் பிடித்துப் பிடித்து அவள் கீழே இறங்கிப் போனபோது, மாஸ்டர் தாயாரை மணலிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தார்.

"அடிபட்டுச்சா அத்தை?"

"தாம்பாளம் நசுங்கியிருக்கா பாரு முதல்ல."

நசுங்கவில்லை. அத்தையின் இடுப்பில்தான் ஒரு பிடிப்பு. அதையும் அவள் அப்போது உணரவில்லை. உணர நேரமில்லை. மணல் லாரி வந்து சாலையைச் சீராக்கும்வரை, அத்தனை வண்டிக்காரர்களும் பேருந்துப் பயணிகள் எல்லோரும் அவள் கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். ரொட்டி வேன்காரர் அகப்பட்ட பன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, துடைக்க முடிந்ததைத் துடைத்துத் தான் தின்றார். அத்தை நடுவில் உட்கார்ந்து, தான் வந்த கதையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தாம்பாளத்தின் வேகம் கூடியது. கடைசியாகக் கேட்டவருக்கு அவள் பேருந்தை முந்தியிருந்தாள்.

அன்று மேலதிகாரியும் வந்தார். விசாரணையில் வாளி விஷயமும் வெளியே வந்தது. அவர் கடுமையாகப் பேச வாயைத் திறந்தார். அத்தை, "உங்க பல்லு நெஜமா கழண்டு விழுந்துச்சாமே? வலிச்சுதா?" என்று அக்கறையாகக் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பொறியாளர்தான் சரியான இடத்தில் கையை வைத்தாள். "அந்த வளைவுல நிறுத்தணும்னு நெனைச்சாக்கூட நிறுத்த இடம் எங்க சார் இருக்கு?" என்றாள். விக்கல் இல்லாமலே சொன்னாள். வளைவு தாண்டி, கடைக்கு எதிரே ஓரத்தை அகலப்படுத்தி, வண்டிகள் ஒதுங்கி நிற்க ஓர் இடம் கட்டிக் கொடுத்தார்கள். பலகையிலும் ஒரு மாற்றம் செய்தாள். வெறுமனே எச்சரிக்காமல், சாலை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று எந்நேரமும் காட்டும்படி செய்தாள். எப்போதும் உண்மை பேசுகிறவர்மேல் நம்பிக்கை வருவதுபோல, பலகைமேல் மெல்ல நம்பிக்கை வந்தது. ஓட்டுநர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். "போர்டு எரிஞ்சா கெழவி வரும்யா, பாத்து ஓட்டு" என்றுதான் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிரேக்கக்காவுக்கும் தட்டுக்கும் சமாதானமாயிற்று. தட்டு இருக்கும் இடத்தைத் தட்டு பார்த்துக்கொள்ளும், தட்டு இல்லாத இடம் மலையில் ஏராளம். அவள் காலுக்கு வேலை குறையவில்லை.

குளிர் குறைந்த ஒரு காலையில், இடுப்புப் பிடிப்புக்கு வைத்தியரைப் பார்க்க அத்தையைக் கீழே கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டாள். வழியில் வேலையும் இருந்தது.

"அத்தை, இங்க பிரேக் போடணும். கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

சடார். அத்தையின் கொண்டை முன்னால் வந்து முகத்தை மூடியது. கொண்டையை விலக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து பிரேக்கக்கா பார்த்ததில்லை. பயந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சம்பளமா?" என்றாள் அத்தை.

"இதுக்குத்தான்."

அடுத்த இடம் வந்தது. சடார். அத்தையின் இடுப்பில் எங்கோ ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. அத்தை இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள்.

"அடி ஆத்தீ! விட்டுருச்சுடி!" என்றாள். "வைத்தியரெல்லாம் வேண்டாம். வண்டியத் திருப்பு, கடைக்குப் போலாம்."

"பாதி வழி வந்தாச்சு அத்தை. இன்னும் நெறைய இடத்துல பிரேக் போட வேண்டியிருக்கு, அதையெல்லாம் முடிச்சுட்டுத்தான் திரும்பணும்."

அத்தை இருக்கையில் வசதியாகச் சாய்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா அடுத்தத கொஞ்சம் பலமாப் போடு" என்றாள். "தோள்பட்டையிலயும் ஒரு பிடிப்பு இருக்கு."